முப்பத்தாறு இல்ல

1

புதுக் கணினி வந்து இரண்டு நாளாகிறது. பழையது பாவம், பேசிப் பேசியே களைத்துப்போய் ஒரு நாள் பாதிச் சொல்லில் நின்றுவிட்டது. அதனால் திரையில் இருப்பதை எனக்கு வாசித்துச் சொல்லும் மென்பொருளையும் புதிதாகப் போட வேண்டியிருந்தது. கண் தெரியாதவர்களுக்கென்றே செய்த சாமான். எங்கள் வீட்டில் அதற்கு வாசிப்பான் என்று பெயர். என் கணவர் வைத்த பெயர்.

என் மகள் ஆரணி பக்கத்தில் இருந்து ஒவ்வொரு கேள்விக்கும் பதில் போட்டுக்கொண்டு வந்தாள். குரல் ஆணா பெண்ணா, வேகம் எவ்வளவு என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரு கேள்வி வந்தது.

"அம்மா, நம்பர எப்பிடி வாசிக்கோணும் எண்டு கேக்குது. மூண்டு சொய்ஸ் இருக்கு. ஒவ்வொரு டிஜிட்டா, ரெண்டு ரெண்டா, இல்லாட்டி ஃபுல் நம்பரா?"

கண் உள்ளவர்களுக்கு இது ஒரு கேள்வியே இல்லை. எண்ணைப் பார்த்தால் போதும், அது விலையா, வீட்டிலக்கமா, தொலைபேசியா என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். வாசிப்பானுக்கு அந்தப் புத்தி கிடையாது. வந்த புதிதில் என்னுடைய தொலைபேசி இலக்கத்தை அது கோடிக்கணக்கில் வாசித்தது. கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ஏதோ பெரிய சொத்துக்காரி ஆகிவிட்ட மாதிரி இருந்தது. அரசாங்கக் கடிதத்தில் வரும் கோப்பு இலக்கத்தையும் அப்படித்தான் ஒரே மூச்சில் சொல்லும். அதை நான் மனதுக்குள் உடைத்து உடைத்து, அலுவலகத்துப் பெண்ணிடம் தொலைபேசியில் ஒப்புவிப்பதற்குள் அவள் பொறுமை போய்விடும். ஒரு முறை சமையல் குறிப்பொன்றில் முக்கால் கப் மா என்பதற்குக் குறுக்குக் கோடு போட்டு மூன்று, நான்கு என்று எழுதியிருந்தார்கள். வாசிப்பான் கூசாமல் 'மார்ச் நான்காம் திகதி கப் மா' என்றது. அன்றைக்கு வீட்டில் ஒரே சிரிப்பு.

வெறும் வரி வந்தால் மட்டும் அது ஒழுங்காக நடந்துகொள்ளும். ஒன்றும் இல்லை என்று சொல்லாமல் தாண்டிப் போகாது. 'பிளாங்க்' என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகும். அந்தக் குணத்துக்காகவே இதோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்துகிறேன்.

"அம்மா, எது?" என்றாள் ஆரணி மறுபடியும்.

"இன்னைக்கு என்ன தேதி?" என்று கேட்டேன்.

"ஜூலை எயிட்."

அது எனக்குத் தெரியாமல் இல்லை. இன்றைய தேதியை எனக்கு யாரும் வாசித்துச் சொல்லத் தேவையில்லை.

2

எனக்கு முதன்முதலில் எண்களை உரக்கச் சொன்னது கணினி இல்லை. லெச்சுமி அக்கா.

கித்துல்கலைக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் எங்களுடையது. கீழே களனி ஆறு ஓடும் சத்தம் எந்நேரமும் கேட்கும். நான் கைக்குழந்தையாக இருக்கும்போது வந்த காய்ச்சலில் பார்வை போனது. அம்மாவும் போன பிறகு, என்னை விடப் பத்து வயது மூத்த அக்காதான் எல்லாம். விடிந்ததும் விடியாததுமாக அவள் பால் வெட்டப் போக வேண்டும். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் என்னைத் தனியாக விட முடியாது. அதனால் மலைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். அட்டை ஏறாமல் இருக்க என் காலில் சவர்க்காரத்தைத் தேய்த்து, ஒரு கல்லில் உட்கார வைத்துவிட்டு, வரிசையில் இறங்குவாள்.

ஒரு மரத்துக்கு மூன்று சத்தம். முந்தின நாள் வெட்டில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலைப் பிடுங்குவது. கத்தி பட்டையைச் சீவுவது. சிரட்டையைத் திருப்பி வைப்பது. அதோடு அக்கா மரத்தின் எண்ணைச் சொல்லுவாள். வேறு யாரும் அப்படிச் சொல்லி வெட்டமாட்டார்கள். எனக்காகத்தான் சொன்னாள். ஒன்னு, ரெண்டு, மூணு என்று குரல் தள்ளிப் போகும். மெலிந்தால் வரிசை முடியப்போகிறது என்று அர்த்தம். பிறகு அடுத்த வரிசையில் திரும்பி வரும்போது குரல் மெல்ல மெல்லப் பெரிதாகும். அந்த மலை எவ்வளவு சரிவு, எங்கே வளைகிறது என்பதெல்லாம் நான் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். கொஞ்சம் பெரியவளானதும் அவள் பின்னாலேயே நடந்து, சிரட்டைகளைத் துடைத்துக் கொடுக்கப் பழகினேன். இருபதில் பாறை, முப்பத்தேழில் பள்ளம், ஐம்பது தாண்டினால் தண்ணீர் ஓடும் கான். எனக்கு வழி என்பது எண்தான்.

ஒரு காற்று மழையில் முப்பத்தாறாவது மரம் சாய்ந்துவிட்டது. தோட்டத்து ஆட்கள் வெட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் அக்கா வழக்கம்போல் எண்ணிக்கொண்டு போனாள். முப்பத்தஞ்சு என்றாள். அடுத்து, "முப்பத்தாறு இல்ல" என்றாள். பிறகு, "முப்பத்தேழு. பள்ளம் பாத்து, பாப்பா" என்றாள்.

அந்தப் பக்கம் வந்த கங்காணி இதைக் கேட்டுச் சிரித்தார்.

"ஏம்மா லெச்சுமி, இல்லாத மரத்துக்கு எதுக்கு நம்பரு? அடுத்தத முப்பத்தாறுன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?"

"அப்படிச் சொன்னா எல்லாம் ஒன்னொன்னு தள்ளிப் போயிரும் கங்காணி. இவ முப்பத்தேழுன்னா பள்ளம்னு மனசுல வச்சிருக்கா. நாளைக்கு நான் மாத்திச் சொன்னா கால ஒடச்சுக்குவா."

"சரிதான். பேய்க்குப் பேரு வச்ச கதையா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அவர் போய்விட்டார்.

அன்றிலிருந்து அந்த மலையில் அக்கா பால் வெட்டிய காலம் முழுவதும் அந்த மரம் அப்படியே இருந்தது. ஒவ்வொரு நாளும் அவள் வாயால் ஒரு தடவை 'இல்ல' என்று சொல்லப்பட்டு.

3

தொண்ணூற்றிரண்டில் நான் பார்வையற்றோர் பள்ளிப் படிப்பை முடித்துத் தோட்டத்துக்குத் திரும்பி வந்தேன். அப்போது தோட்ட ஆபீசில் கிளாக்கராக இருந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் என்னைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நின்றார். அக்கா நம்பவில்லை. "கிளாக்கரையா, வெளையாடுறீங்களா?" என்று முகத்துக்கு நேரே கேட்டாள். அவர் விளையாடவில்லை. பதிவுத் திருமணம் செய்துகொண்டு முதலில் அவர் கனடா போனார். தொண்ணூற்றைந்தில் நான் போய்ச் சேர்ந்தேன்.

இங்கே டொரண்டோவில் எங்களைச் சுற்றி இருப்பவர்கள் எல்லாம் அவருடைய பக்கத்து ஆட்கள். நான் வாயைத் திறந்தால், "நீங்கள் இந்தியாவோ?" என்பார்கள். கித்துல்கலை என்று சொன்னால், "அங்கயும் தமிழ் ஆக்கள் இருக்கினமோ?" என்பார்கள். முதலில் கோபம் வந்தது. பிறகு ஆமாம், இருக்கிறோம் என்று சொல்லப் பழகிக்கொண்டேன். ஆரணி அப்பாவின் தமிழும் பள்ளிக்கூடத்து ஆங்கிலமும் கலந்து வளர்ந்தாள். 'வாங்க, போங்க' என்று நான் பேசினால் சின்ன வயதில் தமிழ்ப் படத்தில் பேசுகிற மாதிரி இருக்கிறது என்று சிரிப்பாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கும் நாலாம் வகுப்போடு முழுக்குப் போட்டாள்.

ஒரு ஆஸ்பத்திரியின் தொலைபேசிப் பகுதியில் எனக்கு வேலை. காதில் ஒரு பக்கம் வாசிப்பான், இன்னொரு பக்கம் கூப்பிடுகிறவர். வாசிப்பான் சொல்லும் இலக்கத்தை நான் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். பிரசவ வார்டு, எலும்பு வார்டு, பிணவறை எல்லாவற்றுக்கும் ஒரே குரல். இரண்டு வருடத்தில் எனக்கும் அந்தக் குரல் வந்துவிட்டது. வீட்டில் ஒரு நாள், "என்னப்பா, நீரும் மெஷின் மாதிரிக் கதைக்கிறீர்" என்றார் இவர். பகிடியாகத்தான் சொன்னார். நான் சிரித்தேன்.

தொண்ணூற்றாறில் ஊரிலிருந்து வந்த ஒருவர் கையில் ஒரு கேசட் கொடுத்தனுப்பியிருந்தார்கள். அப்போதெல்லாம் அதுதான் எங்களுக்குக் கடிதம். லயத்தில் உள்ள எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் பேசியிருந்தார்கள். நல்லா இருக்கோம், நீ நல்லா இருக்கியா, பனி ரொம்பவா என்று. அக்காவின் முறை வந்ததும் ஒரே கசமுசா. "இதுகிட்ட என்னத்தப் பேசுறது? ஆளு இல்லாம எப்படிப் பேசுறது?" என்று அவள் சொல்வது தூரத்தில் கேட்கும். அதோடு அந்தப் பக்கம் முடிந்துவிடும்.

மறுபக்கத்தைப் போட்டால் பூச்சிச் சத்தம். இலையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம். ஒட்டுப்பாலைப் பிடுங்கும் சத்தம். பிறகு அக்காவின் குரல்: "ஒன்னு."

ரெக்கார்டரை மலைக்கே தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். அரை மணி நேரம் எண்ணியிருந்தாள். ஒரு வார்த்தை வேறு இல்லை. எனக்கு அப்போது ஏமாற்றமாக இருந்தது. அவளுக்கு உடம்பு எப்படி, மகன் ரவி படிக்கிறானா என்று கேட்கக் காத்திருந்தவளுக்கு எண்ணிக்கையை அனுப்பினால் எப்படி இருக்கும்? ஒரு தடவை கேட்டுவிட்டு அலுமாரிக்குள் போட்டேன்.

4

இரண்டாயிரத்து நான்கில் ஜூன் மாதக் கடைசியில் ரவியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அவன் சந்தியில் போனும் இன்டர்நெட்டும் வைத்திருக்கும் கொமினிகேஷன் கடையில் இருந்து, தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்புவான். வாசிப்பான் அதை ஆங்கிலம் என்று நினைத்துக்கொண்டு கடித்துத் துப்பும். நான் திரும்பத் திரும்பக் கேட்டுப் பொறுக்கி எடுப்பேன். அன்றைக்குப் பொறுக்கி எடுத்தது இதுதான்.

"சின்னம்மா, அம்மாவுக்குத் தொண்டையில புத்துநோய்னு டாக்டர் சொல்லிட்டாரு. கொழும்புல ஒப்பரேஷன். தொண்டைக்குள்ள இருக்கிற கொரல் பெட்டிய எடுத்துருவாங்களாம். உசிருக்குப் பயமில்லையாம். ஆனா அதுக்கப்புறம் பேச முடியாதாம்."

அடுத்த வரியில் ஒப்பரேஷன் தேதி. வாசிப்பான் சொன்னது: 'ஓகஸ்ட் ஏழு, இரண்டாயிரத்து நான்கு.' மற்றதெல்லாம் குழறலாக வந்தாலும் தேதியை மட்டும் அது தெளிவாகச் சொல்லும். அதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

அக்காவின் முகம் எனக்குத் தெரியாது. கையைப் பிடித்தால் தெரியும், ஆனால் கை இங்கே வராது. பிறப்புச் சான்றிதழ்கூட இல்லாத அவளுக்கு விசா எடுக்கப்போய் இரண்டு தடவை மூக்குடைபட்டிருந்தோம். எனக்கு அக்கா என்றால் அவள் குரல்தான். அது போவதற்குள் அதை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஒரே நினைப்புதான் அப்போது எனக்கு இருந்தது. எண்ணிக்கை இல்லை, பேச்சு. அவள் 'பாப்பா' என்று கூப்பிடுவது. 'சாப்பிட்டியா' என்பதை அதட்டலாகக் கேட்பது. முதலாளியைத் திட்டுவது. இதெல்லாம் வேண்டும் என்று ஒரு வாரம் மனதுக்குள்ளேயே சேர்த்து வைத்தேன். தொலைபேசிப் பேச்சைப் பதிவு செய்யும் கருவி ஒன்றுக்கும் சொல்லி வைத்தேன். அக்காவைத் தொலைபேசியில் பிடிப்பது லேசில்லை. கடைக்காரர் ஆள் அனுப்பி, அவள் மலையிலிருந்து இறங்கி வர வேண்டும். ஜூலை மாத நடுவில் ஒரு சனிக்கிழமை கூட்டிக்கொண்டு வா என்று ரவிக்குப் பதில் எழுதினேன். அவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. சந்திக்கு வர வசதிப்படவில்லையாக்கும் என்று இருந்துவிட்டேன். ஓகஸ்டுக்குத்தான் இன்னும் நாள் கிடக்கிறதே.

கருவி வந்தது. இவர் அதைப் பொருத்தித் தந்தார். அந்தச் சனிக்கிழமை கடைக்குப் போன் எடுத்தேன். கடைக்காரர் சிங்களவர், அக்காவை நன்றாகத் தெரிந்தவர்.

"அனே நங்கி" என்றார். "ஒப்பரேஷன் எக்க இவரய். அக்காட்ட தெங் கதா கரன்ன பே."

ஒப்பரேஷன் முடிந்துவிட்டது. அக்காவுக்கு இனிப் பேச முடியாது. எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். இருந்தும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். அவர் இன்னொரு தடவை சொன்னார். கருவி அதையும் பதிவு செய்துகொண்டது.

5

இவர் வேலையிலிருந்து வந்ததும் அந்த மின்னஞ்சலைத் திறந்து பார்க்கச் சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இதில ஓகஸ்ட் எண்டு எங்கயும் இல்லையப்பா. எட்டு, ஏழு எண்டு இலக்கத்தில கிடக்கு. எங்கட ஆக்கள் நாளைத்தானே முதல் எழுதுறது. இது யூலை எட்டு."

ரவி ஊர் வழக்கப்படி எழுதியிருக்கிறான். நாளை முதலிலும் மாதத்தைப் பிறகும். வாசிப்பான் அமெரிக்கா வழக்கப்படி மாதத்தை முதலில் வாசித்திருக்கிறது. இரண்டு பேரிலும் பிழை இல்லை. நான் பதில் எழுதிய நாளில் ரவி அக்காவுடன் கொழும்பு ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறான். 'நீ போன் எடுப்பாய் என்று ஆஸ்பத்திரிக்குப் போக முந்தின நாள் அக்கா கடைக்கு வந்து பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தாள்' என்று கடைக்காரர் பிறகு ஒரு நாள் சொன்னார்.

எனக்கு அழுகை வரவில்லை. வரும் வரும் என்று காத்திருந்தேன். திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். அன்றைக்குக் கூப்பிட்டவர்களுக்கெல்லாம் சரியான இலக்கத்தைத்தான் கொடுத்தேன். ஒரு இலக்கம்கூடப் பிசகவில்லை. உள்ளே ஏதோ மரத்துப்போய்விட்டது. பல் பிடுங்கப் போகும்போது ஊசி போடுவார்களே, கன்னம் இருக்கும், ஆனால் நம்முடையதாக இருக்காது. அப்படி. அந்த ஊசி நான்கு வருடமாகியும் இறங்கவில்லை.

அக்கா உயிரோடு இருக்கிறாள். அதற்குக் குறைவில்லை. கழுத்தில் போட்ட துளை வழியாக மூச்சு விடுகிறாள், கஞ்சி குடிக்கிறாள், பென்ஷன் எடுத்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். ரவி கைத்தொலைபேசி வாங்கிவிட்டான். மாதம் ஒரு தடவை எடுப்பேன். நான் பேசுவேன். அவள் நகத்தால் போனில் தட்டுவாள். ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை. "சாப்பிட்டியாக்கா?" டொக். "வலி இருக்கா?" டொக் டொக். ஐந்து நிமிடத்தில் எனக்கு விஷயம் தீர்ந்துவிடும். ஒரு மாதச் சேதி நாலு தட்டில் முடிந்துவிடும். ஆரணியிடம் கொடுத்தால், "பெரியம்மா, சுகமா?" என்று கேட்டு, ஒரு தட்டு வாங்கிக்கொண்டு, ஓடிவிடுவாள். பதில் பேசாத ஆளிடம் என்ன பேசுவது என்று அவளுக்கும் தெரியவில்லை. அவளைக் குறை சொல்லி என்ன?

தேதியை மட்டும் அன்றிலிருந்து எழுத்தில் எழுதச் சொல்லிவிட்டேன், ரவியையும், எல்லோரையும்.

6

கணினி மாற்றும்போது பழைய கேசட்டுகளையும் அதற்குள் ஏற்றித் தருகிறேன் என்று ஆரணி சொல்லியிருந்தாள். நேற்று அவள் அறையிலிருந்து பூச்சிச் சத்தம் கேட்டது. பிறகு, "ஒன்னு." நான் சமையலறையில் கையில் வெங்காயத்தோடு நின்றுவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் வந்தாள்.

"அம்மா, பெரியம்மா ஏன் சும்மா கவுண்ட் பண்ணுறா?"

"பால் வெட்டுறா. மரத்த எண்ணுறா."

"தேர்ட்டி சிக்ஸ்ல பிழை விட்டிட்டா. 'இல்ல' எண்டு சொல்லிப்போட்டுத் தேர்ட்டி செவன் எண்டுறா. அந்த இடத்த நான் கட் பண்ணிவிடட்டா? கிளீனா இருக்கும்."

"வேணாம். அப்படியே இருக்கட்டும்."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் கேசட் முடியும்வரை அவள் அறையிலிருந்து அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தது. பாதியில் நிறுத்தவில்லை.

இன்று காலை, இலக்கத்தை எப்படி வாசிப்பது என்ற கேள்வியை அப்படியே விட்டுவிட்டு அக்காவுக்குப் போன் எடுத்தேன். இந்தத் தேதியில் வருடா வருடம் எடுப்பதுதான். எதற்கென்று இருவரும் சொல்லிக்கொள்வதில்லை. ரவி எடுத்து, "அம்மா பக்கத்துலதான் இருக்காங்க சின்னம்மா, பேசுங்க" என்று கொடுத்தான். இங்கே ஆரணி ஸ்பீக்கரில் போட்டாள். சாப்பிட்டாளா, மழையா, மருந்து இருக்கிறதா. டொக், டொக், டொக். பிறகு எனக்கு ஒன்றும் வரவில்லை. வாசிப்பான் என்றால் 'பிளாங்க்' என்றிருக்கும்.

அப்போது ஆரணி, என்னிடம் கேட்காமல், போனுக்குக் கிட்டே வந்து, "ஒன்னு" என்றாள்.

அவள் வழக்கமாகச் சொல்லும் 'ஒண்டு' இல்லை. கேசட்டில் அக்கா சொன்ன மாதிரியே, கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து. அந்தப் பக்கம் சத்தமில்லை. "ரெண்டு" என்றாள். மெதுவாக ஒரு தட்டுக் கேட்டது. "மூணு." டொக். "நாலு." டொக்.

ஆரணி அவசரப்படவில்லை. ஒரு மரத்தை வெட்டி முடிக்கிற நேரம் விட்டு விட்டுச் சொன்னாள். பத்து வந்தது, இருபது வந்தது. பாறை. ஒரு எண்ணுக்கும் தட்டு தவறவில்லை. கழுத்துத் துளை வழியாக அக்கா விடுகிற மூச்சு மட்டும் போனில் கேட்டுக்கொண்டிருந்தது. என் நெஞ்சு அடித்துக்கொள்வதும் எனக்குக் கேட்டது. நான்கு வருடத்தில் அதை நான் கேட்டதில்லை.

"முப்பத்தஞ்சு."

டொக்.

"முப்பத்தாறு."

ஒன்றும் இல்லை.

ஆரணி காத்திருந்தாள். மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. "முப்பத்தாறு" என்றாள் இன்னொரு தடவை. தட்டு வரவில்லை. போனைக் கையால் பொத்திக்கொண்டு, "அம்மா, லைன் கட்டாயிட்டுதோ?" என்றாள் மெதுவாக.

"இல்லம்மா. அந்த மரம் அங்க இல்ல. காத்துல சாஞ்சு போச்சு. நான் வழி மாறிப் போயிறக் கூடாதுன்னு பெரியம்மா அதுக்கும் ஒரு எண்ண வச்சுக்கிட்டா."

அவள் கை வந்து என் தோளில் பட்டது. பிறகு மற்றக் கையைப் போனிலிருந்து எடுத்தாள்.

"முப்பத்தாறு இல்ல" என்றாள். "முப்பத்தேழு."

டொக் என்றது அந்தப் பக்கம். பள்ளம். நாற்காலியில் உட்கார்ந்திருந்த நான் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.